சந்தைக்குப் புறப்படும் பெட்டி

கைவினைக் கண்காட்சியில் கடை விரிப்போர் எவற்றை வாங்க வேண்டும்? எவற்றை முதலில் வாங்க வேண்டும்?

மழைக்காலம் முடிந்ததும் வட இந்தியாவில் கண்காட்சிப் பருவம் தொடங்கிவிடுகிறது. நவம்பர் 14 முதல் 27 வரை புதுதில்லி பிரகதி மைதானத்தில் இந்தியப் பன்னாட்டு வர்த்தகக் கண்காட்சி நடைபெறுகிறது. மகளிர் சுயஉதவிக் குழுக்களின் சரஸ் மேளாவுக்கும் அங்கே இடமுண்டு. டிசம்பரின் முதல் பத்து நாட்கள் நாகாலாந்தில் ஹார்ன்பில் விழா. அம்மாதக் கடைசியில் சாந்திநிகேதனின் பௌஷ மேளா. பிப்ரவரியில் அரியானா மாநிலத்துச் சூரஜ்குண்டில், 1987 முதல் நடந்துவரும் கைவினைத் திருவிழா. இவற்றோடு, ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் தில்லி ஹாட்டும், பெருநகரங்களின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளும் உண்டு.

இந்த இடங்களில் கடை விரிப்போருள் பலர் நம்மைப் போன்ற வங்கிகளின் சிறு வாடிக்கையாளர்கள். பஸ்தரின் டோக்ரா வார்ப்பாளர், சென்னபட்டணத்து மரப்பொம்மைக் கலைஞர், கட்ச் பகுதியின் பூத்தையல் பெண்கள், பத்தமடைப் பாய் நெய்பவர் என எவராயினும் அவர்களுக்குப் பொதுவான நிலை ஒன்று உண்டு. பல மாதங்கள் உழைத்துச் செய்த பொருட்கள் பத்து அல்லது பதினைந்து நாட்களில் விற்றாக வேண்டும். விற்காதது மறுபடியும் வண்டி ஏறும். அதற்குரிய கூலியும் வாடகையும் வருமானத்திலிருந்தே போகும். ஆகவே அந்தப் பதினைந்து நாட்களில் ஒரு நாள் வீணாவதும் பெரிய இழப்பு.

அந்த இழப்புக்குக் காரணம் பெரும்பாலும் கலைத்திறனில் இருப்பதில்லை. தார்ப்பாய் இல்லாததால் நனைந்த துணி, விளக்கு போதாததால் கவனிக்கப்படாத பித்தளைச் சிலை, கைபேசியின் மின்கலம் தீர்ந்ததால் பணம் செலுத்த இயலாமல் திரும்பிய வாடிக்கையாளர் ஆகிய சிறு குறைகளே காரணமாகின்றன. எனவே கடைக்கான சாதனம் எதை வாங்கும்போதும் ‘இது எந்த இழப்பைத் தடுக்கும்?’ என்ற கேள்வியைக் கேட்டுக்கொள்வது நலம். அந்தக் கேள்வியின் வழியே இக்கட்டுரையில் ஒரு கடைப்பெட்டியை நிரப்பிப் பார்ப்போம்.

எது கிடைக்கும், எது கிடைக்காது

கிராமத்து வாரச் சந்தைக்கு இந்தியில் ‘ஹாட்’ என்று பெயர். அதை நகரத்தின் நடுவே நிலையாக அமைக்கும் எண்ணத்துடன் 1994ஆம் ஆண்டில் புதுதில்லியில் தில்லி ஹாட் திறக்கப்பட்டது. அங்குள்ள கைவினைக் கடைகள் எவருக்கும் நிலையாகத் தரப்படுவதில்லை. ஏறத்தாழ பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை கைவினைஞர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒருவர் கட்டிவைத்த அலமாரி அடுத்தவருக்குப் பயன்படாது. வருபவர் தம் கடையைத் தாமே கொண்டுவந்து, தாமே பிரித்துக்கொண்டு போக வேண்டும்.

பிற கண்காட்சிகளிலும் நிலை ஏறக்குறைய இதுவே. ஓரிடத்தில் மேசையும் இரண்டு நாற்காலிகளும் தருவார்கள்; வேறோரிடத்தில் மூன்று பக்கத் துணித் தடுப்பும் ஒரு மின்னிணைப்பும் மட்டுமே இருக்கும். ஆகவே ஒதுக்கீட்டுக் கடிதம் வந்தவுடன் அமைப்பாளரிடம் சில விவரங்களைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். கடையின் நீள அகலம் எவ்வளவு? மேற்கூரை உண்டா? மேசைகள் எத்தனை? மின்னிணைப்பில் எத்தனை வாட் வரை பயன்படுத்தலாம்? இரவில் பொருட்களைக் கடையிலேயே பூட்டி வைக்கலாமா? இவற்றுக்கு விடை தெரியாமல் சாதனங்களை வாங்குவது அளவெடுக்காமல் சட்டை தைப்பதற்கு ஒப்பானது.

முதலில் வாங்க வேண்டியவை: பொருளைக் காப்பவை

நல்ல தடிமனான தார்ப்பாய் இரண்டு தேவை. ஒன்று மேலே போர்த்த. மற்றொன்று தரையில் விரிக்க. மழை மேலிருந்து மட்டும் வருவதில்லை; திறந்த மைதானத்தில் தண்ணீர் தரை வழியாகவும் கடைக்குள் நுழையும். சரக்குப் பெட்டிகளைத் தரையில் வைக்காமல் செங்கல் அல்லது மரப்பலகை மீது வைப்பது பழைய வழக்கம். இன்றும் அதனினும் மலிவான பாதுகாப்பு இல்லை. வட இந்தியக் குளிர்காலத்தில் மழையே இல்லாத இரவிலும் பனி இறங்கும். துணி, காகிதம், புல் வகைப் பொருட்கள் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். இரவில் அவற்றைப் பாலித்தீன் உறையிட்ட பெட்டிக்குள் வைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலங்களைப் போட்டு மூட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளில் கூரையும் நாமே கொண்டு செல்ல வேண்டியிருக்கும். அங்கே மடக்குக் கூடாரம் பயன்படும். ஆனால் அதன் எதிரி காற்று. பத்தடிக்குப் பத்தடிக் கூடாரத்தின் ஒவ்வொரு காலிலும் ஏறத்தாழ 20 கிலோ எடை கட்டுவது பாதுகாப்பான வழக்கம். இதற்கெனத் தனி எடைக்கற்கள் வாங்க வேண்டியதில்லை. குடிநீருக்குப் பயன்படும் 20 லிட்டர் கேனை நீரால் நிரப்பினால் 20 கிலோ எடை கிடைக்கும். மாலையில் கொட்டிவிட்டால் வெறும் கேனைத் தூக்கிச் செல்லலாம். கூடாரம் பறந்தால் நம் பொருள் மட்டுமன்றி, அடுத்த கடைக்காரரின் மண்பாண்டமும் உடையும் என்பதை மறக்கலாகாது.

மின்சாரத்திலும் கவனம் வேண்டும். மூன்று முனைச் செருகியும் தனிச் சுவிட்சும் உள்ள தரமான எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்று போதும். சுருட்டிய நிலையில் ஒயரைப் பயன்படுத்தினால் அது சூடேறும். முழுவதும் விரித்தே பயன்படுத்த வேண்டும். துணியும் மூங்கிலும் காகிதமும் நிறைந்த அரங்கில் மின்கெட்டிலுக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் இடமில்லை. சிறிய தீயணைப்பான் ஒன்றை வாங்கிவைப்பது வீண்செலவாகாது.

இரண்டாவதாக: பணம் பெற உதவுபவை

யு.பி.ஐ. முறை 2016இல் அறிமுகமானது. 2020 ஜனவரி முதல் அதன்வழி பணம் பெறும் வணிகர்களுக்குப் பரிவர்த்தனைக் கட்டணம் இல்லை. இன்று கண்காட்சிக்கு வருவோருள் பலர் பணப்பையே இல்லாமல் வருகின்றனர். க்யூ.ஆர். குறியீடு அச்சிட்ட அட்டை இரண்டு வேண்டும்: ஒன்று மேசையில், ஒன்று பெட்டியில் மாற்றாக. தினமும் காலையில் கடை திறந்தவுடன், மேசையிலுள்ள அட்டையை நாமே ஒருமுறை ஸ்கேன் செய்து நம் பெயர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். நம் அட்டையின் மீது வேறொருவரின் குறியீட்டை ஒட்டிச் செல்லும் மோசடி கூட்ட நெரிசலில் எளிதில் நடந்துவிடும்.

வாடிக்கையாளர் தம் கைபேசித் திரையைக் காட்டி ‘அனுப்பிவிட்டேன்’ என்று சொன்னால் அதை மட்டும் நம்பிப் பொருளைக் கொடுக்கலாகாது. நம் கைபேசிக்கு வரும் அறிவிப்போ, ஒலிப்பெட்டியின் குரலோதான் சான்று. பணம் பெறுவதற்கு ஒருபோதும் நம் ரகசியக் குறியீட்டை உள்ளிட வேண்டியதில்லை. எவரேனும் அதைக் கேட்டால் அது ஏமாற்றே.

பெருங்கூட்டம் கூடும் மாலையில் கைபேசித் தொடர்பு மந்தமாவது இயல்பு. வெவ்வேறு நிறுவனங்களின் இரண்டு சிம் அட்டைகள் இருந்தால் ஒன்று தடைபட்டாலும் மற்றது உதவும். முழுநாளும் தாங்கக்கூடிய பவர் பேங்க் ஒன்றும் இன்றியமையாதது.

ரொக்கத்தைக் கைவிட்டுவிட முடியாது. பூட்டுள்ள சிறு கல்லாப்பெட்டி, இடுப்பில் கட்டும் பணப்பை, பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாகப் போதிய சில்லறை ஆகியவை முதல் நாளே கையில் இருக்க வேண்டும். ஊரிலிருந்து கிளம்புமுன் கிளைக்குச் சென்று சில்லறை மாற்றிக்கொள்ளலாம். ஐந்நூறு ரூபாய்த் தாளைப் பெறும்போது சற்றே சாய்த்துப் பார்த்தால், அதன் பாதுகாப்பு இழை பச்சை நிறத்திலிருந்து நீலமாக மாறும். அந்த ஒரு நொடிச் சோதனையைப் பழக்கமாக்கிக்கொள்வது நல்லது. அன்றைய ரொக்கத்தைத் தங்குமிடத்தில் சேர்த்துவைக்காமல், அருகிலுள்ள கிளையிலோ பணம் செலுத்தும் இயந்திரத்திலோ போட்டுவிட வேண்டும்.

மூன்றாவதாக: பொருளைக் காட்டுபவை

புதிதாகக் கடை விரிப்போர் முதலில் வாங்க விரும்புவது அலங்காரப் பொருட்களையே. இரண்டு கண்காட்சிகள் முடிந்தபின் அவற்றை வாங்குவது அறிவுடைமை. அதற்குள் எந்தப் பொருளை மக்கள் கையில் எடுக்கிறார்கள், எதைக் கடந்து போகிறார்கள் என்பது தெரிந்துவிடும். தொடக்கத்தில் அடிப்படைச் சாதனங்கள் சிலவே போதும்.

மேசை பொதுவாக இரண்டரை அடி உயரம் இருக்கும். அதன்மேல் எல்லாவற்றையும் பரப்பினால் நடந்து செல்பவர் குனிந்து பார்க்க வேண்டியிருக்கும்; பலர் குனியமாட்டார்கள். பொருட்கள் வந்த மரப்பெட்டிகளையே கவிழ்த்துப் படிபோல் அடுக்கி, நம் வீட்டுக் கொலுவைப் போல அமைத்தால் பின்வரிசைப் பொருளும் கண்ணுக்குத் தெரியும். மிகச் சிறந்த பொருளைக் கண்மட்டத்தில், ஏறத்தாழ ஐந்தடி உயரத்தில் வைக்க வேண்டும். துணிகளையும் ஓவியங்களையும் தொங்கவிட இரும்புக் கம்பிவலையும் எஸ் வடிவக் கொக்கிகளும் உதவும். அவை தட்டையாக அடுங்குவதால் பயணத்துக்கும் ஏற்றவை.

மேசை விரிப்பு ஒரே நிறத்தில், பூவேலைப்பாடு இல்லாமல் இருப்பது நல்லது. விரிப்பு தரைவரை தொங்கினால் மேசையின் அடியில் இருப்புச் சரக்கை மறைத்து வைக்கலாம். நகையும் ஆடையும் விற்போர் முகம் பார்க்கும் கண்ணாடியை மறக்கக் கூடாது. அணிந்து பார்த்தவருக்குத் தம் தோற்றத்தைக் காண வழியில்லை என்றால், அவர் பொருளைத் திருப்பி வைத்துவிட்டுப் போய்விடுவார்.

விளக்கு வாங்கும்போது வாட் அளவை மட்டும் பார்த்தால் போதாது. எல்.இ.டி. விளக்கின் உறைமீது ஒளியின் நிறம் கெல்வின் அளவில் குறிக்கப்பட்டிருக்கும். 3000 கெல்வின் என்பது மஞ்சள் சாயலுள்ள ஒளி; பித்தளை, வெண்கலம், மரம், சுடுமண் ஆகியவை அதில் பொலிவு பெறும். 4000 கெல்வின் நடுநிலையான வெண்மை. துணியின் நிறம் அதில் ஏறத்தாழ உள்ளபடி தெரியும். 6500 கெல்வின் நீலச் சாயல் கொண்டது. அதன்கீழ் அரக்குச் சிவப்பும் மஞ்சளும் வெளிறித் தோன்றும். நிறத்தை உண்மையாகக் காட்டும் திறனைக் குறிக்கும் சி.ஆர்.ஐ. எண் 90 அல்லது அதற்கு மேல் உள்ளதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இரவு விளக்கில் ஒரு நிறமாகவும் வீட்டில் வேறு நிறமாகவும் தெரியும் சேலையை வாங்கியவர் மறுநாள் வருத்தத்தோடுதான் திரும்பி வருவார். பத்து வாட் விளக்குகள் நான்கைப் பத்து மணி நேரம் எரித்தாலும் செலவாகும் மின்சாரம் அரை யூனிட்டுக்கும் குறைவே.

விலைச்சீட்டு எல்லாப் பொருளிலும் இருக்க வேண்டும். விலை கேட்கக் கூச்சப்படுவோர் பலர் உண்டு. சீட்டு இல்லாத பொருளை அவர்கள் தொடுவதே இல்லை. பொருளின் பெயர், ஊர், செய்யும் முறை ஆகியவற்றை இந்தியிலும் ஆங்கிலத்திலும் நான்கு வரிகளில் எழுதிய சிறு அட்டையையும் வைக்கலாம். அது மொழி தெரியாத இடத்தில் நமக்காகப் பேசும். புவிசார் குறியீடு, பட்டு முத்திரை, கைத்தறி முத்திரை ஆகியவற்றைப் பயன்படுத்த முறையான அனுமதி பெற்றவர்கள் அவற்றைக் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். அனுமதி இல்லாதோர் பயன்படுத்துவது குற்றமாகும்.

கட்டிக்கொடுக்கும் பொருட்கள்

விற்பனை நடந்த பின்பும் பொருள் நம் பொறுப்பில்தான் இருக்கிறது. மண்பாண்டமோ கண்ணாடியோ விமானத்திலும் ரயிலிலும் வேறு ஊர் போய்ச் சேர வேண்டும். நெளி அட்டைப் பெட்டிகள் இரண்டு மூன்று அளவுகளில், மெல்லிய வெண்தாள், நூலுருண்டை, ஒட்டு நாடா, கத்தரிக்கோல் ஆகியவை தேவை. செய்தித்தாளின் மை வெளிர்நிறத் துணியிலும் வெண்மையான பாண்டத்திலும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே முதலில் வெண்தாளைச் சுற்றி, அதன்மேல் செய்தித்தாளைப் பயன்படுத்தலாம்.

120 மைக்ரானுக்குக் குறைந்த தடிமனுள்ள பிளாஸ்டிக் பைகள் 2022 டிசம்பர் 31 முதல் நாடெங்கும் தடை செய்யப்பட்டுள்ளன. மாநில விதிகள் இதைவிடக் கடுமையாகவும் இருக்கலாம். துணிப்பையோ காகிதப்பையோதான் ஏற்றது. பையில் நம் பெயரும் தொடர்பு எண்ணும் கொண்ட முத்திரையைக் குத்திவிட்டால், வீட்டுக்குப் போன பின்னும் வாடிக்கையாளருக்கு நம் நினைவு இருக்கும். முத்திரை, மைப்பெட்டி, நூறு காகிதப்பைகள் ஆகியவற்றுக்கான செலவு, வண்ண அச்சுப் பைகளின் செலவைவிட மிகக் குறைவு.

பெட்டியின் அடியில் வைக்க வேண்டிய தாள்கள்

ஜவுளி அமைச்சகத்தின் கைவினை வளர்ச்சி ஆணையர் அலுவலகம் வழங்கும் ‘பெஹ்சான்’ அடையாள அட்டை கைவினைஞர்களுக்கு முதல் ஆவணம். அரசு சார்ந்த கண்காட்சிகளில் கடை கேட்டு விண்ணப்பிக்கும்போது அது கேட்கப்படும். அத்துடன் ஆதார், பான் அட்டை, ஒதுக்கீட்டுக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றின் நகல்களை நீர்புகா உறையில் வைக்க வேண்டும்.

சரக்கு மற்றும் சேவை வரியில் ஒரு சலுகையும் ஒரு கடமையும் உண்டு. அறிவிக்கப்பட்ட கைவினைப் பொருட்களை வேறு மாநிலத்தில் விற்போர், ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பதிவு செய்ய வேண்டியதில்லை. சில சிறப்பு வகை மாநிலங்களில் இந்த வரம்பு 10 லட்சம். ஆனால் பான் எண் இருக்க வேண்டும். சரக்கின் மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும், மாநிலம் விட்டு மாநிலம் கொண்டு செல்லும்போது மின்வழிச் சீட்டு எடுக்க வேண்டும். ‘ஐம்பதாயிரத்துக்குக் கீழ்தானே’ என்று சீட்டின்றிச் சரக்கை அனுப்பினால் அது வழியில் நிறுத்தப்படலாம்; கண்காட்சியின் முதல் இரண்டு நாட்கள் அதிலேயே கழிந்துவிடும். தேனோ ஊறுகாயோ எடைபோட்டு விற்போர், தராசில் எடையளவுத் துறையின் முத்திரை நடப்பில் உள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

எடையும் கணக்கும்

ரயிலில் ஸ்லீப்பர் வகுப்புப் பயணி 40 கிலோ வரை உடைமைகளைக் கட்டணமின்றிக் கொண்டு செல்லலாம். விற்பனைச் சரக்கைச் சொந்த உடைமையாகப் பெட்டிக்குள் ஏற்ற விதியில்லை. அதைப் பார்சலாகப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். சாதனப் பெட்டி எவ்வழியில் சென்றாலும், அதன் எடையை 40 கிலோவுக்குள் அடக்குவது நல்ல அளவுகோல். இருவர் சேர்ந்து நடைமேடையில் தூக்கிச் செல்லக்கூடிய எடை அது. அதற்குமேல் எடையுள்ள அழகிய மர அலமாரி, ஒவ்வொரு பயணத்திலும் கூலியாகத் தன் விலையைக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இனி ஒரு மாதிரிக் கணக்கு. சாதனங்கள் அனைத்துக்கும் 24,000 ரூபாய் ஆகிறது, அவை மூன்றாண்டு உழைக்கும் என்று கொள்வோம். ஆண்டுக்கு நான்கு கண்காட்சிகள், ஒவ்வொன்றும் பத்து நாட்கள் என்றால் மூன்றாண்டுகளில் 120 விற்பனை நாட்கள். ஆக நாளொன்றுக்கு 200 ரூபாய். ஒரு பொருளில் 100 ரூபாய் இலாபம் கிடைக்குமானால், அன்றாடம் இரண்டு பொருட்கள் கூடுதலாக விற்றால் போதும், செலவு ஈடாகிவிடும். ஆண்டுக்கு ஒரே ஒரு கண்காட்சிக்குச் செல்பவருக்கோ இதே பெட்டி நாளொன்றுக்கு 800 ரூபாயாகிறது. அவர் கூடாரத்தையும் கம்பிவலையையும் வாடகைக்கு எடுப்பதே சிக்கனம். அல்லது அதே ஊர்க் கைவினைஞர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு தொகுப்பை வாங்கி, முறைவைத்துப் பயன்படுத்தலாம்.

கடன் எங்கே பொருந்தும்

கண்காட்சிக்குப் புறப்படும் அவசரத்தில் கந்துவட்டிக்குக் கடன் வாங்கினால், விற்பனையின் இலாபம் ஊர் திரும்புமுன்பே கைமாறிவிடுகிறது. பருவம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே வங்கிக் கிளையை அணுகினால் இதைத் தவிர்க்கலாம். 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தின் ‘சிசு’ பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கடன் பெறலாம். மேலே கண்ட பெட்டிக்கும் சிறிதளவு மூலப்பொருளுக்கும் அது போதுமானது.

2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பிரதமர் விஸ்வகர்மா திட்டம் 18 மரபுத் தொழில்களுக்கு உரியது. தச்சர், குயவர், சிற்பி, பொம்மை செய்வோர், கூடையும் பாயும் முடைவோர் ஆகியோர் அதில் அடங்குவர். முதல் தவணையாக ஒரு லட்சமும், அதை முறையாகச் செலுத்தியபின் இரண்டு லட்சமும், 5 விழுக்காட்டு வட்டியில் பிணையின்றிக் கிடைக்கும். தொழிற்கருவிகளுக்கு 15,000 ரூபாய் வரை மின்னணுச் சீட்டும் உண்டு. அது உளிக்கும் சக்கரத்துக்குமானது, கடை மேசைக்கு அல்ல என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மின்னணு முறையில் பெறும் ஒவ்வொரு பணத்துக்கும் ஒரு ரூபாய் வீதம், மாதம் நூறு பரிவர்த்தனை வரை ஊக்கத்தொகை தரப்படுகிறது.

எக்கடனாயினும், தவணை கட்டும் காலத்தைக் கண்காட்சிப் பருவத்தோடு பொருத்திக்கொள்ள இயலுமா என்று கிளை மேலாளரிடம் கேட்பது நல்லது. கோடையில் வருமானம் மெலிந்திருக்கும். தவணை மட்டும் மெலிவதில்லை.

இவற்றோடு கோடிட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றும் பெட்டியில் இருக்கட்டும். விற்ற பொருள், விலை, அளவு, வாடிக்கையாளர் கேட்டும் நம்மிடம் இல்லாத பொருள் ஆகியவற்றை அன்றன்றே அதில் எழுத வேண்டும். வங்கிக் கணக்கில் சேர்ந்த யு.பி.ஐ. வரவும் இந்த நோட்டுப் புத்தகமும் ஒத்துப்போனால், அடுத்த முறை கடன் கேட்கும்போது கிளையில் காட்ட அவற்றைவிட நல்ல சான்று வேறில்லை. அடுத்த கண்காட்சிக்கு எவ்வளவு சரக்கு செய்வது, பெட்டியில் எதைச் சேர்ப்பது, எதை வீட்டிலேயே விட்டுச் செல்வது என்பவற்றையும் அந்தப் பக்கங்களைப் பார்த்தே முடிவு செய்யலாம்.